'தண்ணி வருதா?' - படகு இன்ஜினைக் காப்பாற்றும் ஒற்றைக் கேள்வி!

எங்கள் வீட்டில் 'தண்ணி வருதா?' என்ற கேள்விக்கு இரண்டு அர்த்தம். அம்மா கேட்டால் தெருக்குழாய். அப்பா கேட்டால் படகு இன்ஜின்!

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவிடம் இருப்பது ஃபைபர் படகு. அதன் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு இன்ஜினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ததும், அவர் கண் முதலில் தேடுவது அதிலிருந்து பீய்ச்சியடிக்கும் மெல்லிய நீர்த்தாரையைத்தான். சின்ன வயதில் 'இன்ஜின் மூச்சா போகுது' என்று நானும் தம்பியும் சிரிப்போம். அது நின்றால் என்ன ஆகும் என்பது நான் ப்ளஸ் டூ படிக்கும்போதுதான் தெரிந்தது.

அன்று விடியற்காலையில் கரைக்கு வர வேண்டிய அப்பா, மதியம் வரை வரவில்லை. போனும் போகவில்லை. அம்மா கடற்கரை மணலிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் வேறொரு படகு, அப்பாவின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. காரணம், ஒரே ஒரு கேரி பேக்! இன்ஜின் தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் அது அப்பிக்கொண்டுவிட்டது. இருட்டில் நீர்த்தாரை நின்றதை யாரும் கவனிக்கவில்லை. சூடேறி, பிஸ்டன் இறுகிவிட்டது.

இன்ஜின் நின்ற படகு, நீரோட்டம் இழுக்கும் பக்கம்தான் போகும். பாக் நீரிணைப் பக்கம் என்றால் இன்னொரு பயமும் உண்டு. 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுத்த கடல் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டினால் கைது, சிறை என்று போய்விடும்.

எப்படிக் குளிர்கிறது?

காருக்கு ரேடியேட்டர். அவுட்போர்டு இன்ஜினுக்குக் கடல்தான் ரேடியேட்டர். நீருக்குள் இருக்கும் அடிப்பகுதியில் சல்லடை போன்ற துளைகள் உண்டு. உள்ளே சுழலும் 'இம்பெல்லர்' என்ற ரப்பர் சக்கரம், அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீரை இழுத்து மேலே தள்ளும். சிலிண்டரைச் சுற்றிவந்து சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர், புகையோடு சேர்ந்து கடலுக்கே திரும்பும். அதில் ஒரு சிறு பங்குதான் நாம் பார்க்கும் நீர்த்தாரை.

என்ன கவனிக்க வேண்டும்?

* ஸ்டார்ட் செய்ததும் நீர்த்தாரை வருகிறதா என்று பாருங்கள். நடுக்கடலிலும் அடிக்கடி பாருங்கள். இரவில் டார்ச் அடித்துப் பார்க்கலாம், கையை நீட்டியும் பார்க்கலாம்.

* தாரை நின்றால், உடனே இன்ஜினை நிறுத்துங்கள். தூக்கிவைத்து, உறிஞ்சும் துளைகளில் பிளாஸ்டிக், பாசி, வலைத்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் தாரை வெளியேறும் துளையே உப்பில் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தினால் போதும்.

* கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது. உலோகம் விரிசல் விடலாம். தானாக ஆறட்டும்.

* கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி டிரம்மில் தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் சில நிமிடங்கள் ஓடவிட்டால், உள்ளே தங்கிய உப்பு கழுவிப்போகும்.

* தண்ணீர் இல்லாமல் 'சும்மா ஒரு தடவை' கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் வழுவழுப்பு. அது இல்லாமல் சுற்றினால் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கும்.

* இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். இறக்கைகள் வெடித்திருந்தாலோ, ஒரே பக்கமாக வளைந்து நின்றுவிட்டாலோ மாற்றிவிடுங்கள்.

விசைப்படகுக்கு?

பெரிய விசைப்படகுகளில் டீசல் இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும். அவற்றில் பலவற்றில் இன்ஜினைக் குளிர்விப்பது நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் கலந்த கலவை. அந்தக் கலவையின் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொண்டு போகும். அதனால் வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கக் கூடாது. துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான், கிழக்குக் கடற்கரையில் இந்த வேலைகளுக்கு ஏற்ற நேரம்.

இவ்வளவும் மீனவர்கள் செய்ய வேண்டியது. நம் பங்கு ஒன்றே ஒன்று. கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டுவிட்டு கேரி பேக்கைக் காற்றில் விடாமல் இருப்பது. அது யார் அப்பாவின் படகில் போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது.

இப்போது நான் இருப்பது சென்னையில். கடலுக்குக் கிளம்பும்போது அப்பா போன் செய்வார். சாப்பிட்டீங்களா என்றுகூட நான் கேட்பதில்லை.

"தண்ணி வருதாப்பா?"

"வருதும்மா."

அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும்.