குஞ்சின் குடலில் முதல் இடம் யாருக்கு?

1970களின் தொடக்கத்தில் பின்லாந்தின் பிராய்லர் பண்ணைகளில் சால்மொனெல்லா கிருமி பரவி மக்களையும் தாக்கியது. அப்போது நுர்மி, ரன்டாலா என்ற இரு ஆய்வாளர்கள் நோயற்ற வளர்ந்த கோழிகளின் குடலிலிருந்த நுண்ணுயிர்களை அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பிறகு சால்மொனெல்லாவைக் கொடுத்தபோது பெரும்பாலான குஞ்சுகளிடம் அது வேரூன்றவில்லை. 1973-இல் வெளியான அந்த ஆய்வு காட்டிய வழியைக் கோழி வளர்ப்பு இன்னும் முழுதாகப் பின்பற்றவில்லை என்பதே என் வருத்தம்.

அடைகாத்த தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு, அதன் எச்சத்தையும் மண்ணையும் கொத்தியே நல்ல நுண்ணுயிர்களைப் பெற்றுவிடும். பொரிப்பகத்து இயந்திரத்தில் பிறக்கும் குஞ்சுக்குத் தாயும் இல்லை, அந்தச் சொத்தும் இல்லை. அதன் குடல் ஏறக்குறைய காலி மனை. முதலில் வருபவர் குடியேறிவிடுவார். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல நுண்ணுயிர் இனங்கள் தம் மேற்பரப்பிலுள்ள புரதங்களால் தீனிப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்கின்றன. பற்றிக்கொள்வதால்தான் இரையோடு அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே பெருகி, அமிலம் சுரந்து, கெட்ட கிருமிகளுக்கு அந்த இடத்தை ஒவ்வாததாக்குகின்றன. சால்மொனெல்லாவும் மயிரிழை போன்ற நீட்சிகளால் குடற்சுவரைப் பிடிக்கவே முயல்கிறது. ஆகவே நோய்த்தடுப்பு முதலில் இடத்துக்கான போட்டி.

'புரோபயாடிக் (நல்ல நுண்ணுயிர்க் கலவை) வாங்கிக் கொடுத்தோம், பலனில்லை' என்று பண்ணையாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வேறு விலங்கிலிருந்து எடுத்த இனங்கள் பெரும்பாலும் கோழியின் தீனிப்பையில் ஒட்டுவதில்லை என்பதை 1970களிலேயே ஆய்வுகள் காட்டின. கிருமி குடியேறிய பின் கொடுத்தாலும் பலன் குறைவு. இவை தவறான தேர்வின், தவறான நேரத்தின் குறைகள், முறையின் குறையல்ல. கோழிக் குடலிலிருந்து பெறும் கலவையிலேயே நோய்க்கிருமி இருந்துவிடலாம் என்ற அச்சமும் சரியானதே. பரிசோதிக்காத எதையும் விற்க விடக் கூடாது. ஆன்டிபயாடிக் மலிவு என்ற வாதத்தைத்தான் ஏற்க முடியாது. அது நல்லவற்றையும் சேர்த்தே அழிக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முற்றிலும் நிறுத்தியது. கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது. தடையோடு நின்றால் போதாது. கோழியிலிருந்தே எடுத்து, பரிசோதித்த நுண்ணுயிர்களைக் குஞ்சு பண்ணைக்குப் புறப்படுமுன் பொரிப்பகத்திலேயே கொடுப்பதை நாமக்கல் முதலான கோழி வளர்ப்பு மையங்கள் வழக்கமாக்க வேண்டும். தாய்க்கோழி கொடுத்துவந்ததை இயந்திரம் பறித்தது. அதைத் திருப்பிக் கொடுப்பது நம் கடமை.