16 கிலோமீட்டரோடு முடியாத சாலை

2004 டிசம்பர் 30, வியாழக்கிழமை. சுனாமி அடித்து நாலாவது நாள். நான் அப்போது திண்டிவனம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். முற்பகலில் டெல்லி உள்துறை அமைச்சகத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது, இன்னொரு அலை வரக்கூடும் என்று. டி.வி.யில் அடியில் ஓடிய அந்த ஒரு வரி போதும். கடலோரம் முழுக்கக் கிளம்பிவிட்டது.

மரக்காணத்திலிருந்து வர வேண்டிய வண்டி வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. கடைசியில் ஒன்று வந்தது. கூரைமேல் ஆள், பின் ஏணியில் ஆள், ஜன்னல் கம்பியில் ஆள். அதற்குப் பின்னால் டிராக்டர்கள், மீன் ஏற்றும் டெம்போ, ஒரு டி.வி.எஸ். 50-இல் நாலு பேர். கண்டக்டர் டிக்கெட்டே கிழிக்கவில்லை. "சார், ரோட்டுல ரெண்டு பக்கமும் இந்தப் பக்கம்தான் வர்றாங்க. எதிர்ல ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வார்த்தைதான். கடலோரத்தில் மிச்சம் இருப்பவர்களை ஏற்றிவர மூன்று வண்டியை ஸ்டாண்டில் தயாராக நிறுத்தியிருந்தேன். மூன்றும் அங்கேயே நின்றன. அவற்றில் ஒரு டிரைவருக்கு வீடு அனுமந்தையில். சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க சார், புள்ளைங்க அங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார். நான் மெமோ எழுதவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அலை வரவில்லை. சாயங்காலத்துக்குள் டெல்லியே பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எல்லோரும் ஊர் திரும்பினார்கள். பேப்பர்காரர்கள் "வதந்தி" என்று எழுதி முடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது முடியவில்லை. அன்று வராத அலை கடலிலிருந்து வர வேண்டியது. என்றைக்காவது கல்பாக்கத்திலிருந்து ஒன்று புறப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்று மாலையே எனக்குள் வந்துவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உலையை மூடு என்று எழுத நான் வரவில்லை. கல்பாக்கத்தில் முதல் உலை 1983-இலும் இரண்டாவது 1985-இலும் இயங்கத் தொடங்கின. அந்தக் கரண்டில்தான் நம் வீட்டு ஃபேனும் சுற்றுகிறது. சுனாமி அன்று கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை அங்கிருந்தவர்கள் ஒழுங்காக நிறுத்தினார்கள். அவர்களுடைய குடியிருப்பிலேயே அலை உயிர்களைக் கொண்டுபோன நாள் அது. அந்த வேலையை நான் மதிக்கிறேன். இப்போது பக்கத்திலேயே 500 மெகாவாட் ஈனுலை. 2024 மார்ச் 4 அன்று பிரதமரே நேரில் வந்து பார்க்க, அதன் உலைக்கலத்தை நிரப்பும் வேலை தொடங்கியது. சரி, ஓடட்டும். என் சண்டை உலையோடு இல்லை, ரோட்டோடு.

நம் நாட்டு விதிப்படி அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டப் பகுதி. அந்த வட்டத்தைப் பதினாறு துண்டாக, கேழ்வரகு அடை வெட்டுகிற மாதிரி, வெட்டி வைத்திருக்கிறார்கள். காற்று எந்தத் துண்டின் பக்கம் அடிக்கிறதோ அந்தத் துண்டில் இருப்பவர்கள் முதலில் வீட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். தேவைப்பட்டால் வெளியேற வேண்டும். வெளியே நடக்கிற எல்லாவற்றுக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியர். முன்பு காஞ்சிபுரம், 2019-க்குப் பிறகு செங்கல்பட்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகை. படத்தில் பார்த்தால் அழகாக இருக்கிறது.

ஆனால் சாலை அடைத்துண்டு மாதிரி மையத்திலிருந்து வெளியே போகவில்லையே! கிழக்கே கடல். கரைக்குப் பின்னாலேயே பக்கிங்காம் கால்வாய். தெற்கே பாலாற்று முகத்துவாரம். சதுரங்கப்பட்டினத்துக்காரரோ மெய்யூர்குப்பத்துக்காரரோ கிளம்பினால் அவருக்கு இருப்பது மூன்றே வழி. வடக்கே மாமல்லபுரம், தெற்கே பாலாற்றுப் பாலம் தாண்டிக் கூவத்தூர், மேற்கே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. முதல் இரண்டும் ஒரே சாலைதான், ஈ.சி.ஆர். அது கடலை விட்டு விலகிப் போகிற சாலை அல்ல, கடலோடு கூடவே போகிற சாலை. அதைப் புதுச்சேரி வரை நான்கு வழியாக்கினால் சனிக்கிழமை பாண்டிக்குப் போகிறவர்கள் சீக்கிரம் போவார்கள். மேற்கே போகிற வழி அகலமானால்தான் தப்பிக்கிறவர்கள் சீக்கிரம் போவார்கள். திருக்கழுக்குன்றம் தேர் அன்று அந்த ஊரைக் கடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி ஒரு டைம் கீப்பர் கணக்கு. ஒற்றை வரிசையில் வண்டிகள் மூன்றரை, நாலு விநாடிக்கு ஒன்றாக ஒரு இடத்தைக் கடந்தால் மணிக்குச் சுமார் ஆயிரம் வண்டி. குறுக்கே மாடு வராமல், ஷேர் ஆட்டோ நடுவில் நிற்காமல், ஒருவரும் பஞ்சர் ஆகாமல் இருந்தால்தான் இது. மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிறு மாலை பத்தாயிரம் வண்டி நிற்கிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் ஒரு வரிசைச் சாலையில் கிளம்பினால் கடைசி வண்டி நகரப் பத்து மணி நேரம். காணும் பொங்கல் அன்று என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தக் கூட்டம் எந்தக் கிராம மக்கள்தொகைப் பதிவேட்டிலும் இல்லை. ரிசார்ட்டில் அறை எடுத்தவருக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது. அவர் வந்த வழியே, அதாவது கடற்கரை வழியே, சென்னைக்குத்தான் திருப்புவார்.

கார் இல்லாதவர்களுக்குப் பேருந்து அனுப்புவோம் என்பார்கள். என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்தது இதுதான். பகல் பதினோரு மணிக்கு டெப்போவுக்குப் போய்ப் பாருங்கள், நிற்பது பிரேக் டவுன் வண்டி மட்டும். மற்றதெல்லாம் லைனில் இருக்கும். ஒரு வண்டியில் நெருக்கி எண்பது பேர் என்றாலும் இருபதாயிரம் பேரை நகர்த்த 250 நடை வேண்டும். அந்த வண்டி முதலில் காலியாக உள்ளே போக வேண்டும், ஜனம் வெளியே வருகிற அதே ரோட்டில். "எதிர்ல ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது." அந்தக் கண்டக்டர் சொன்னதுதான்.

ராத்திரி என்றால் கதை வேறு. அப்போது கிராமத்தில் இருக்கிற ஒரே வண்டி நைட் ஹால்ட் வண்டி. கோயில் வாசலில் நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் சீட்டிலேயே படுத்திருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தலையாரி வந்து கதவைத் தட்டினால் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, எந்த வழியாக ஓட்டுவது என்று அந்த டிரைவருக்கு யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டாமா? ஒரு அட்டையில் எழுதி டிரைவர் கேபினில் ஒட்டினால் போதும். செலவு பத்து ரூபாய்.

அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் என்று நீளமான ஒரு தீவு. அங்கே ஷோர்ஹாம் என்ற ஊரில் சுமார் 600 கோடி டாலரில் உலையைக் கட்டி முடித்துவிட்டார்கள். 1983-இல் அந்த மாவட்ட சபை, "எங்கள் சாலைகளில் இந்த ஜனத்தைப் பத்திரமாக வெளியேற்ற முடியாது" என்று தீர்மானம் போட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களிடம் கேட்டபோது, பலர் முதலில் தம் வீட்டைத்தான் பார்ப்போம் என்று சொன்னார்கள். என் அனுமந்தை டிரைவர்தான்! அந்த உலை வியாபார அளவில் ஒரு நாளும் ஓடாமலே மூடப்பட்டது. சீப்ரூக் என்ற இன்னொரு ஊரில், பக்கத்துக் கடற்கரையில் கோடைக்குச் சேரும் கூட்டத்தை எப்படி அப்புறப்படுத்துவது என்று பல வருஷம் வழக்கு நடந்து, 1990-இல்தான் அனுமதி கிடைத்தது. அங்கேயும் வட்டம் பத்து மைல், நம் 16 கிலோமீட்டரேதான். ஒரு வித்தியாசம். அங்கே ஒவ்வொரு நிலையமும் வட்டத்தைக் காலிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று பகல், இரவு, வார நாள், விடுமுறை நாள், மழை என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். ஊர்க்காரர்கள் அதை எடுத்துப் படிக்கலாம். நம்முடைய வட்டத்துக்குள் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் வீட்டிலும் அப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை.

"அதெல்லாம் வட்டத்துக்குள் இருப்பவர்கள் பாடு, திண்டிவனத்தில் உட்கார்ந்து உனக்கென்ன?" என்று என் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வுபெற்றவர்தான், டீக்கடையில் கேட்டார். இரண்டு பதில் இருக்கிறது.

ஒன்று, காற்று. ஐப்பசி, கார்த்திகையில் நமக்குக் காற்று வடகிழக்கிலிருந்து. கல்பாக்கத்துக்குத் தென்மேற்கே யார் இருக்கிறோம்? கூவத்தூர், செய்யூர், சூனாம்பேடு, மரக்காணம், அப்புறம் நாம். ஜப்பானில் 2011 மார்ச்சில் புகுஷிமா உலை வெடித்தபோது முதலில் 3 கிலோமீட்டர், பிறகு 10, மறுநாள் சாயங்காலத்துக்குள் 20 என்று வட்டம் விரிந்துகொண்டே போனது. நமியே என்ற ஊர்க்காரர்கள் மலைப்பக்கம் சுஷிமா என்ற இடத்துக்கு ஓடினார்கள். கதிர்வீச்சும் அதே பக்கம்தான் போனது. காற்றுக் கணக்கு அரசாங்கத்திடம் இருந்தது, ஜனத்திடம் போய்ச் சேரவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் படுத்த படுக்கை நோயாளிகளைப் பேருந்தில் மணிக்கணக்காக அலைக்கழித்ததில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கதிர்வீச்சால் அல்ல, பயணத்தால். கார்த்திகை மாதத்தில் ஈ.சி.ஆரில் தெற்கே தப்பி வருகிறவர் காற்றோடு சேர்ந்தே வருவார். அதை அவருக்கு யார் சொல்வது?

இரண்டு, ஜனம். 1979-இல் அமெரிக்காவில் மூன்று மைல் தீவு விபத்தின்போது 5 மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி செல்லாத குழந்தைகளும் வெளியேறினால் நல்லது என்றுதான் கவர்னர் சொன்னார். கிளம்பியது சுமார் 1,44,000 பேர். வட்டம் போட்டவர் போட்ட இடத்தில் பயம் நிற்காது. நம் 2004 டிசம்பர் 30-ஐவிட வேறு சாட்சி வேண்டுமா? கல்பாக்கத்தில் சங்கு ஊதினால் மரக்காணம் கிளம்பும், கூனிமேடு கிளம்பும், எக்கியார்குப்பம் கிளம்பும். திருக்கழுக்குன்றம் வழியாகத் தப்பியவர் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் ஆத்தூர் டோல்கேட் இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். எல்லா வரிசையும் கடைசியில் வந்து சேருவது திண்டிவனத்தில். ஆனால் நாம் வட்டத்துக்கு வெளியே, வேறு மாவட்டம். அதனால் படத்தில் நாம் இல்லை.

அதுவும் கெட்ட நேரம் தனியாக வராது. 2022-இல் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. 2024 ஃபெஞ்சல் புயலில் நம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாள் அரசூர் பக்கம் தென்பெண்ணை வெள்ளம் திருச்சி நெடுஞ்சாலையை மறித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயிலும் நின்றது. அப்படிப்பட்ட ராத்திரியில்தான் உலைக்கும் ஒரு சிக்கல் வரும், மற்ற நாளில் ஏன் வரப்போகிறது? ஒத்திகை மட்டும் வெயில் அடிக்கிற வார நாளில், தேர்ந்தெடுத்த சில கிராமங்களில், முன்கூட்டியே சொல்லிவைத்து நடக்கிறது. ஸ்டாண்டில் நிற்கிற வண்டிக்கு டிரிப் ஷீட் எழுதுகிற மாதிரி.

"உலையே வேண்டாம் என்கிறோம், நீங்கள் ஓடுவதற்கு ரோடு கேட்கிறீர்களே" என்று போராட்டக்கார நண்பர்கள் கோபப்படலாம். மூடினாலும் எரிந்து முடிந்த எரிபொருள் அங்கேதான் இருக்கும், ஐயா. ரோடு அப்போதும் வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு காணும் பொங்கல் மாலையில், ஒரு கார்த்திகை மழை ராத்திரியில், அந்த வட்டம் காலியாக எத்தனை மணி நேரம் ஆகும்? அந்த எண்ணைத் தமிழில் அச்சடித்து ரேஷன் கடையில் ஒட்டுங்கள். எண் மோசமாக இருந்தால் இருக்கட்டும், மேற்கே போகிற சாலைக்குப் பணம் கேட்க அதுவே ஆதாரம். உள்ளே போகும் பேருந்துக்கு எந்தச் சாலையை ஒதுக்குவீர்கள், அதில் எதிரே வருகிறவர்களை எந்த இடத்தில், எந்தக் காவலர் நிறுத்துவார்? டோல்கேட்டைத் திறந்துவிட உத்தரவு யார் கொடுப்பார்? செங்கல்பட்டு ஆட்சியரும் விழுப்புரம் ஆட்சியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இதைப் பேசட்டும். திண்டிவனத்தில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கல்யாண மண்டபம் என்று இப்போதே எழுதட்டும்.

நான் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமை மரக்காணம் பக்கத்திலிருந்து திண்டிவனம் வந்தவர்கள் எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை மணிக்கு இங்கே வந்தார்கள், நடந்தார்களா, எதில் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை பதினேழு பேர் சொல்லியிருக்கிறார்கள். கடலோரத்தில் அன்று இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் நேரத்தையும் எனக்குச் சொல்லுங்கள். ஐம்பது பேர் சேர்ந்ததும் இரண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒவ்வொரு நகல் கொண்டுபோய் நேரில் கொடுத்து, சீல் வைத்து வாங்கி வரலாம் என்றிருக்கிறேன். பேருந்தில்தான் போவேன்.