எல்லையில் கிடைக்கும் ரத்தம் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு ஏன் இல்லை?

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் அவற்றில் அடைந்து கிடப்பார்கள். எங்கள் தெருவுக்கு வரும் ஜீப்பில் எல்லோரும் காலனிப் பெண்கள். நிலம் உள்ள வீட்டிலிருந்து யாரும் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. என் சித்தி இருபது வருடம் அப்படிப் போனார்.

ஒரு மாலை திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்தது. இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே ரத்தம் கசிய, பக்கத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வந்தோம். மருத்துவர் நல்லவர். சலைன் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "ரத்தம் ஏத்தாம தாங்காது தம்பி. இருந்த ரெண்டு பாட்டிலும் காலையில பிரசவத்துக்குப் போயிருச்சு. க.விலக்குக்குக் கொண்டு போயிருங்க." சுமார் 50 கிலோமீட்டர். வெளியே எங்கள் பையன்கள் பன்னிரண்டு பேர் ரத்தம் கொடுக்கத் தயாராக நின்றார்கள். வழக்கமாகக் கொடை செய்கிறவர்கள். அதில் மூன்று பேர் சித்தியைப் போலவே ஓ பாசிட்டிவ். அங்கேயே எடுத்து ஏற்றச் சட்டம் இடம் தராது. ஆம்புலன்ஸ் வீரபாண்டியைத் தாண்டும்போது சித்தியின் கை சில்லிட்டுவிட்டது.

அந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. 1996இல் 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ரத்தம் வியாபாரமாக இருந்தது. பசிக்காக விற்றவர்கள் நம் ஆட்கள்தான். காசுக்கு ரத்தம் எடுப்பதையும் உரிமமில்லாத ரத்த வங்கிகளையும் அந்தத் தீர்ப்பு ஒழித்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிறு ஊர் மருத்துவர்கள் உறவினரிடம் எடுத்து, பரிசோதித்து, உடனே ஏற்றிவந்த வழக்கமும் அதோடு சட்டவிரோதமானது. இதை மாற்றும்படி ஊரக அறுவை மருத்துவர்களின் சங்கம் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்திருக்கிறது.

ஆய்வு வேலையாக விதிகளைப் புரட்டும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'கே' அட்டவணை ராணுவத்துக்கு ஒரு விலக்கு தருகிறது. எல்லைப் பகுதி ராணுவ மருத்துவ மையங்கள் உயிர் காக்கும் அவசரத்தில் முழு ரத்தத்தை எடுத்து, பரிசோதித்து, அங்கேயே ஏற்றலாம். சரியான ஏற்பாடுதான். சிப்பாய்க்கு வழி கண்டுபிடித்த அரசுக்குத் தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் வழி தெரியவில்லை?

முழு ரத்தம் எதற்கு என்று கேட்கலாம். ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்தால் ஒருவர் கொடுத்தது பலருக்கு உதவும். நகரத்துக்கு அது பொருந்தும். தட்டணுவை 20–24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே ஐந்து நாள்தான் வைக்க முடியும்; உறைந்த பிளாஸ்மாவை உருக்கவே அரை மணி நேரம் போகும். அதனால் சிறு மருத்துவமனைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சிவப்பணு மட்டும். ரத்தம் கொட்டுகிறவருக்கு உறையும் சக்தியும் சேர்ந்தே போய்க்கொண்டிருக்கும். சிவப்பணு அதைத் திருப்பித் தராது. முழு ரத்தத்தில் மூன்றும் உண்டு. நாளாக ஆக உறையும் திறன் குறையும்தான், என்றாலும் ரத்தக் குளிர்பெட்டியில் 35 நாள் வைக்கலாம். பிரித்ததா, முழுசா, எது மேல் என்று மருத்துவர்களுக்குள் விவாதம் நடக்கிறது. பிளாஸ்மாவே வராத ஊரில் அந்த விவாதத்துக்கு என்ன வேலை?

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. நல்ல திட்டம். பாட்டிலே இல்லாத இடத்தில் எந்தச் செலவை ஏற்பது? தவிர, அது தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்குத்தான். வளைவு தாண்டிக் கேரளப் பக்கம் ஜீப் கவிழ்ந்தால் அதுவும் கிடையாது.

ரத்தத்தில் சாதி இல்லை என்று கொடை முகாம்களில் பேனர் கட்டுகிறோம். நானும் கட்டியிருக்கிறேன். அந்த ரத்தம் எந்த ஊரில் இருப்பு வைக்கப்படுகிறது, எந்த ஊருக்குத் திரும்பி வருகிறது என்று கேட்டதில்லை. மலையடிவார அரசு மருத்துவமனைகளில் விபத்துக்கென்றே ஓ வகை முழு ரத்தத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். முன்கூட்டியே பரிசோதித்த உள்ளூர்க் கொடையாளர் பட்டியல் வேண்டும். ராணுவத்துக்குள்ள விலக்கு, அதே நிபந்தனைகளோடு, இங்கேயும் வேண்டும். அடுத்த முகாமில் கை நீட்டுவதற்கு முன்னால் இதை எழுதிக் கொடுக்கப்போகிறோம். அன்று வாசலில் நின்ற பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.