மருந்து விலை: 2017-இல் திறந்த வழி



பகாவ் பக்கத் தோட்டத்தில் பால்மரம் சீவியே காலம் கழித்தவர் என் அத்தை. மார்பகப் புற்றுநோய்க்கு ஓர் ஊசி எழுதி, வெளியே வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டவர் சீட்டை நான்காய் மடித்து, அடகுச் சீட்டுகளோடு சுருக்குப் பையில் செருகினார். பிறகு எடுக்கவே இல்லை.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்தகமும் மருந்து விலையைக் காட்டியாக வேண்டும். நல்லதுதான், ஆனால் விலை தெரிந்துவிட்டால் வெள்ளி வந்துவிடுமா?

2017-இல் மலேசிய அரசாங்கம், காப்புரிமை இருந்தும், ஹெபடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிரின் மலிவு வகையைத் தருவிக்க உரிமம் வழங்கியது; அரசு மருத்துவமனைகளில் ஏழைகளுக்கும் சிகிச்சை எட்டியது. காப்புரிமையால் விலையேறி நிற்கும் புற்றுநோய் மருந்துகளுக்கும் சுகாதார அமைச்சு அதே உரிம வழியைப் பயன்படுத்த வேண்டும்.

தோட்டத்து வாசகி,
பகாவ், நெகிரி செம்பிலான்