வெயிலும் பள்ளியும் ஒரே நேரம்தான்

திருத்தணியில் 22 வருஷமாக பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறேன். "நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு" என்று சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. எந்த பேட்டரியும் திடீரென்று நிற்பதில்லை. பல மாதம் தாகத்தில் கிடந்துவிட்டுத்தான் சாகும்.

போன வருஷம் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு ஒன்றியப் பள்ளியில் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு. மாடியில் 4 சோலார் பேனல், கீழே 5 கம்ப்யூட்டர். அவற்றுக்குப் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். யாரோ நல்ல மனசோடு கொடுத்தது, ஆசிரியர் தினத்தன்று திறந்துவைத்தது. ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் திருத்தணி என்பதால் செப்டம்பர் 5 நெருங்கினால் எங்கள் பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்.

பேட்டரி மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈயப் பிளேட் வெள்ளை பூத்துக் கிடந்தது. "டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும்னு யாரும் சொல்லலையா, டீச்சர்?" என்றேன். "சொன்னாங்களாம் சார். கேட்டுக்கிட்டவர் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டார்."

டியூபுலர் பேட்டரி இரண்டு வாங்கினால் 30,000 ரூபாயை ஒட்டி வரும். நூறு பிள்ளைகளுக்குள் படிக்கும் பள்ளிக்கு வருஷத்துக்கு வரும் மானியமோ அதிகபட்சம் 25,000. அதில்தான் சாக்பீஸ், பினாயில், குழாய் ரிப்பேர் எல்லாம். பேனல் 25 வருஷம் உழைக்கும். பேட்டரி 4, 5 வருஷம். இந்தக் கணக்கைப் போடாமல் ரிப்பன் வெட்டுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

என் பிழைப்புக்கே விரோதமாக ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பேட்டரியே தேவையில்லை. மணி அடிப்பது காலை ஒன்பதரைக்கு, விடுவது நாலேகாலுக்கு. வெயிலுக்கும் அதே நேரம்தான். எங்கள் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 10 லேப்டாப் நாலு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் தாண்டாது. மேசைக் கம்ப்யூட்டராக இருந்தால் மானிட்டரோடு அதைப்போல மூன்று மடங்கு இழுக்கும். ஒரு மேகம் மறைத்தால் பிள்ளை அடித்துக்கொண்டிருந்ததும் போய்விடும். லேப்டாப்புக்குள் அதற்கென்றே ஒரு பேட்டரி இருக்கிறது.

இது 2012இலேயே புரிந்திருக்க வேண்டிய விஷயம். அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அடுத்த வருஷமே வெளியூர்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட். எங்கள் தொழிலுக்கு அது தீபாவளி. அப்போது பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைகள் இருண்டு கிடந்தன. லேப்டாப் வைத்திருந்த பிளஸ் டூ பிள்ளைகள் கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றி, இல்லாதபோது படித்தார்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கரண்ட் லைனோடு சேர்த்துவிடும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதே. கரண்ட் சரியாக வராத பள்ளியில் அதை மாட்டி என்ன பயன்?

சரி, பராமரிப்பை யாரிடம் விடுவது? ராஜஸ்தான் திலோனியாவில் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட ஆறு மாதத்தில் சோலார் வேலை கற்றுப்போயிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களுக்குப் பாடம் சொன்னவர்களுக்கும் பொது மொழி இல்லை. வயரின் நிறத்தையும் சைகையையும் வைத்தே பாடம் நடந்தது. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் தறியில் அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடும் பெண்களுக்கு இது எம்மாத்திரம்? வாத்தியார் மாறுதலாகிப் போவார். மகளிர் குழு அக்கா எங்கே போகப்போகிறார்?

அந்தப் பள்ளியில் செத்த பேட்டரிகளை ஈய விலைக்கு எடுத்துக்கொண்டு, அதைக் கழித்து, சின்ன இன்வெர்ட்டரும் ஒரே பேட்டரியும் வைத்துக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு சத்துணவு சமைக்கும் அக்காவுக்கு. மூடியில் மிதக்கும் குச்சியைக் காட்டி, சிவப்புக் கோடு தெரிந்தால் ஊற்று, பச்சை வந்ததும் நிறுத்து என்றேன். கேனை வாங்கிக்கொண்டவர், "சாம்பாருக்கு உப்பு போடறதைவிடச் சுலபமாச்சே" என்றார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி போன் வருகிறது: "சார், ஊத்திட்டேன்."