முன்னே ஓடும் பிள்ளைக்கு எந்தக் கணக்குப் புத்தகம்?



புக்கிட் மேரா வட்டாரத்தில் தொண்டு செய்யும் எங்களிடம் பூஜை நேரம், அன்னதானப் பதிவு பற்றித்தான் வழக்கமாகக் கேட்பாங்க. கொஞ்ச நாளா இளம் பெற்றோர் சிலர் வேற ஒண்ணு கேக்குறாங்க. "பிள்ளைக்கு அஞ்சு வயசுதான். கூட்டல் கழித்தல் எல்லாம் டக்குனு சொல்றான். வீட்டிலேயே படிக்க வைக்கலாம்னு இருக்கோம். எந்தக் கணக்குப் புத்தகம் வாங்குறது?" எங்களில் பள்ளி ஆசிரியர்களும் இருக்காங்க, பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பவர்களும் இருக்காங்க. அதனால எங்க கருத்தை இங்கே எழுதிடுறோம்.

முதல்ல சட்டம். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கு. சிங்கப்பூரில் வாழும் குடிமக்களின் பிள்ளைகள் தேசியத் தொடக்கப்பள்ளிக்குப் போகணும். வீட்டில் படிக்க வைக்க, கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்கணும். என்ன பாடம், எப்படி நடத்துவீங்க என்று திட்டமும் காட்டணும். அந்தப் பிள்ளையும் பிஎஸ்எல்இ தேர்வு எழுதியே ஆகணும். ஆகவே, "நம்ம இஷ்டத்துக்கு ஒரு புத்தகம்" என்பது நடக்காது. தொடக்கநிலை ஆறு வரை இழுத்துக்கொண்டு போகும் ஒரு வழி வேண்டும்.

பெரும்பாலான பெற்றோர் செய்வது என்ன? பிள்ளை தொடக்கநிலை ஒன்றுக்கான கணக்கைப் போட்டுவிட்டால், நேரே கடைக்குப் போய் மூன்றாம் நிலை அசெஸ்மென்ட் புத்தகத்தை எடுத்துட்டு வந்துடுறாங்க. இதுதான் எங்களுக்குச் சம்மதமில்லாத விஷயம்.

ஏன்னு கேட்டா, வேகமாகக் கூட்டுவது கணக்கில் ஒரு சிறு பகுதிதான். இந்த ஊர்த் தேர்வையே பாருங்க. 2009 முதல் பிஎஸ்எல்இ கணக்கின் இரண்டாம் தாளில் கால்குலேட்டர் பயன்படுத்த அனுமதி இருக்கு. கூட்டுற வேலையை மெஷின்கிட்ட கொடுத்துட்டு, யோசிக்கிற வேலையைத்தான் பிள்ளைகிட்ட கேக்குறாங்க.

ஒரு சின்னச் சோதனை செஞ்சு பாருங்க. இரண்டு தட்டுகளில் மொத்தம் 20 வாழைப்பழம். ஒரு தட்டில் மற்றதைவிட 4 அதிகம். எந்தத் தட்டில் எத்தனை? வேகமான பிள்ளை 20-லிருந்து 4-ஐக் கழித்து "16, 4" என்று சொல்ல வாய்ப்பிருக்கு. கழித்தல் சரி, விடை தப்பு. இரண்டு பட்டை வரைந்து, ஒன்றை மட்டும் 4 அளவு நீட்டிக் காட்டினால், மீதி 16-ஐ இரண்டு சமபங்காக்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். 8, 12. பழத்தை எடுத்து அடுக்கிக் காட்டினால் இன்னும் சுலபம்.

இந்தப் பட்டை முறை நம்ம ஊரில் வளர்ந்தது. 1980களில் டாக்டர் கோ தெக் ஹோங் தலைமையிலான குழு தொடக்கப்பள்ளிப் பாடநூல்களில் இதைக் கொண்டுவந்தது. முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்பது அந்த நூல்களின் ஒழுங்கு. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனை அதற்கு அடிப்படை. 1995 டிம்ஸ் அனைத்துலக ஆய்வில் சிங்கப்பூர் கணக்கில் முதலிடம் பெற்றது. பிறகு அமெரிக்காவில் வீட்டில் படிப்பிக்கும் குடும்பங்கள்கூட இந்த நூல்களைத் தேடி வாங்கினாங்க. இங்கே நாமோ அதே நூலின் பொருளையும் படத்தையும் தள்ளிவிட்டு, கடைசி எண்ணுக்கு ஓடுறோம்!

"அப்போ தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்றீங்களா? பிள்ளைக்குச் சலிச்சுப் போயிடாதா?" நியாயமான கேள்வி. சலிப்பு வந்தால் கணக்கையே வெறுத்துடுவான். அதனால நாங்க சொல்றது இதுதான்:

• அமைச்சின் பாடத்திட்டத்தை ஒட்டிய ஒரே ஒரு தொடரை எடுங்க. மூணு தொடர் வேண்டாம்.

• ஒவ்வொரு பாடத்திலும் கடைசியில் இருக்கும் கடினமான இரண்டு கணக்கை முதலில் கொடுங்க. போட்டு, "ஏன்" என்று விளக்கவும் முடிந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். இருபது எளிய கணக்கைப் போட வைக்காதீங்க.

• ஐந்து வயதுப் பிள்ளையின் தலை ஓடும் வேகத்துக்குக் கை எழுதாது. வாயால் சொல்லட்டும், நீங்க எழுதுங்க. மேல்நிலைப் புத்தகத்தின் நீண்ட ஆங்கிலக் கேள்வி அவனுக்குப் புரியாமல் போவதும் கணக்குக் குறையில்லை, வாசிப்பு வயசு அவ்வளவுதான்.

• வாங்கும் முன் விவோசிட்டியில் உள்ள ஹார்பர்ஃபிரண்ட் நூலகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. கணக்குக் கதைப் புத்தகங்களைப் புரட்ட விடுங்க. அவன் எதைக் கீழே வைக்க மாட்டேங்குறானோ, அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

இன்னொண்ணு, காசு செலவில்லாதது. நம்ம பாட்டி வீட்டுப் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 முத்து என்றால் மொத்தம் 70. "இந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும்?" என்று போடுவதற்கு முன்னாடியே கேளுங்க. அதே மாதிரி அந்தக்காலத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பின்னம் சொல்லிப் பழகினாங்க. பாதியின் பாதி, அதன் பாதி, அதன் பாதி. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ஒரு சப்பாத்தியை மடித்து மடித்தே இதைக் காட்டலாம். தமிழில் எண்ணும்போது இருபது, முப்பது, நாற்பது என்று வந்து 90 மட்டும் ஏன் "தொண்ணூறு" ஆச்சு என்று கேட்டுப் பாருங்க. கேள்வி கேட்கும் பிள்ளை அன்னைக்குத் தூங்காது.

பள்ளிகளே வேகத்தைக் குறைச்சிருக்கு என்பதையும் நினைவில் வைங்க. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படும் தேர்வுகளே கிடையாது. அப்படியிருக்க, வீட்டில் நாம் ஏன் அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தேர்வு மண்டபம் கட்டணும்?

எங்க பெரிய கவலை புத்தகம்கூட இல்லை. எல்லாம் சுலபமா வந்த பிள்ளைக்கு, முதல் முறை ஒரு கணக்கு வராமல் போகும் நாள் வரும். "இவன் ஜீனியஸ்" என்று ஊரே சொல்லி வளர்த்திருந்தால், அன்னைக்கு அவன் புத்தகத்தை மூடிடுவான். நாலு வயசிலிருந்தே யோசிச்சு, தப்பு பண்ணி, திருத்திப் பழகியிருந்தால் பென்சிலை மறுபடி எடுப்பான்.

இதில் நமக்கும் பங்கு இருக்கு. மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது சின்னப் பிள்ளையை நிறுத்தி "37-உம் 48-உம் எவ்வளவு?" என்று கேட்டு, பதில் வந்ததும் கை தட்டுறோம். பாசத்தில் செய்வதுதான். இனிமேல் கேட்டால், கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க: "எப்படிடா கண்ணு கண்டுபிடிச்ச?" அவன் சொல்லி முடிக்கும் வரைக்கும் நின்னு கேளுங்க.