வீட்டுச் சரக்குக்கும் ஒரு கட்டம் விடுங்கள்

கோயில், தறி, பழைய காஞ்சிபுரம் என்று எழுதிக்கொண்டிருக்கிற கிழவனுக்கு விளையாட்டுச் செயலிகளைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. ஆடுகிறவர்கள் தாங்களே உண்டாக்கியதைச் சேர்க்க இடம் தராத செயலி, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அரைகுறை வேலை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் பேரன் மாதம் ஒரு முறை நண்பர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மொட்டைமாடியில் உட்கார்ந்துவிடுவான். அவர்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டது. பலகை கிடையாது, காய் கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதில் ஏறுகிறேன்" என்று ஒருவன் சொன்னால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து ஏறுவான் அல்லது விழுவான்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. கதை வியாசருடையது. ஆனால் கட்டியக்காரன் நடுவில் நுழைந்து உள்ளூர் ரேஷன் கடையையும் பஞ்சாயத்துச் சண்டையையும் இழுத்துவிடுவான். "இது பாரதத்தில் எங்கே இருக்கிறது?" என்று யாரும் எழுந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த வருஷம் கூத்துக்குக் கூட்டம் வந்திருக்காது.

பாத்திரத்துக்கு ஒரு தாள் உண்டு. பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பலம் 16 என்றால் பகடையில் விழுந்ததோடு 3 கூட்ட வேண்டும். அதன் மேல் தொழில்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று 2014-ம் வருஷத்துப் புத்தகத்தில் மொத்தம் 12. தொழிலுக்குத் தக்க ஆயுதம், வித்தை, கவசம். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. கையால் போட்டால் அரை நாள் கணக்கு. அதற்காகத்தான் செயலிகள் வந்தன. பட்டியலில் தொட்டுத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் கூட்டல் கழித்தலை அதுவே செய்து தாளை நீட்டிவிடும். நல்ல உதவிதான், மறுக்கவில்லை.

புத்தகத்தில் இல்லாமல் ஆடுகிறவர்கள் தாங்களே செய்துகொள்ளும் வித்தை, ஆயுதம், தொழில், விதி எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹோம்ப்ரூ'. வீட்டிலேயே காய்ச்சியது என்று அர்த்தம். நம்மூரில் அப்படிச் சொன்னால் போலீஸ் வரும் என்பதால் நான் வீட்டுச் சரக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

பேரன் ஒரு வீட்டுச் சரக்கு செய்தான். பாவு போடுகிறவன் என்று ஒரு தொழில். சின்ன வயதில் விடியற்காலையில் பிள்ளையார்பாளையம் தெருவில் பாவு நீட்டியிருப்பதை என்னோடு நடந்து பார்த்தவன் அவன். அவனுடைய பாத்திரம் காட்டில் இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு இழையைக் கட்டுவான். அதைத் தாண்டிப் போகிறவன் யார், என்ன நினைப்போடு போகிறான் என்று இழையைத் தொட்டே சொல்லுவான். அறுந்த இழையைப் பிணைத்தால் காயம் ஆறும். ஒரு நாளைக்கு இத்தனை முழம் நூல்தான், அதற்கு மேல் கிடையாது என்று வரம்பும் வைத்திருந்தான். நான்கு பக்கம் எழுதி என்னிடம் காட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

அவன் வைத்திருந்த செயலியில் (பெயர் வேண்டாம்) சொந்த வாள் சேர்க்கலாம், சொந்த மந்திரம் சேர்க்கலாம், இருக்கிற தொழிலுக்குக் கீழே ஒரு கிளையும் சேர்க்கலாம். புதிதாக ஒரு தொழிலையே சேர்க்க வழியில்லை. "அதைப் போட இடமில்ல தாத்தா" என்றான். கடைசியில் மந்திரவாதிக்குக் கீழே கிளையாகப் போட்டான். மந்திரவாதி என்றால் மந்திரப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். நெருப்பு உருண்டை எறியத் தெரிய வேண்டும். முழக் கணக்கை எழுத ஒரு குறிப்புப் பெட்டி இருந்தது. அதில் எழுதியதைச் செயலி கூட்டாது, கழிக்காது. மூன்று ஆட்டத்தில் பாவுக்காரன் நெருப்பு எறிகிற சாதாரண மந்திரவாதி ஆகிவிட்டான். யாரும் தடை போடவில்லை. பட்டியலில் இருப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதுதான் என்னை உறுத்துவது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். இடமில்லை என்றால் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் டிசைன் போட்டவன். மயில்கண், ருத்ராட்சம், கோபுரம், யாளி, இருதலைப்பட்சி, மல்லிமொக்கு எல்லாம் எங்களிடம் தயாராக இருக்கும். நூறு சேலையில் தொண்ணூறு அதிலிருந்துதான் போகும். ஆனாலும் மேசையில் எப்போதும் எழுதாத கட்டத்தாள் ஒரு கட்டு இருக்கும். யாராவது ஒரு அம்மா, பாட்டியின் கல்யாணச் சேலையிலிருந்து கிழிந்த ஒரு சாண் முந்தியை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்து, "இதே மாதிரி வேணும்" என்பார். பட்டியலில் இருக்காது. கட்டத்தாளை எடுத்து இழை இழையாக எண்ணிப் புள்ளி வைப்போம். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை போட்டு ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால், தறிக்கு அது பட்டியலில் இருந்த மயிலா, பாட்டி சேலை மயிலா என்று தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி நெய்யும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதிலும் கட்டம் கட்டமாக நாமே வரைய இடம் இருந்ததால்தான் நான் அதை ஒப்புக்கொண்டேன். தயார் புட்டாக்கள் மட்டுமே உள்ள மென்பொருளை யாராவது கொடுத்திருந்தால், பாட்டி சேலை மஞ்சள் பையோடு திரும்பிப் போயிருக்கும்.

வீட்டுச் சரக்கைக் கூடுதல் வசதி மாதிரி பேசுகிறவர்களுக்கு அந்த ஆட்டத்தின் சரித்திரத்தையே சொல்லலாம். 1974-ல் வந்த முதல் பெட்டியில் மூன்றே தொழில்கள்: வீரன், மந்திரவாதி, பூசாரி. அந்தப் பூசாரியே ஆர்னசன் வீட்டு மேசையில் பிறந்தவன். அங்கே ஒரு ஆட்டக்காரர் ரத்தக்காட்டேரியாகி அடக்க முடியாமல் போனார். காட்டேரியை எதிர்க்க ஒரு ஆள் வேண்டுமென்று உண்டாக்கினார்கள். இன்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும் திருடன் அந்தப் பெட்டியிலேயே இல்லை. கலிபோர்னியாவில் ஒரு கடையில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் யோசனை அது. கைகாக்ஸ் காதுக்குப் போய், அவர் கை வைத்து, 1975-ல் கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில் அச்சானது. அன்றைக்கு ஒரு செயலி இருந்து, "மூன்று தொழில்தான், வேறு இடமில்லை" என்று சொல்லியிருந்தால் திருடன் இன்று இல்லை.

இன்னொன்று, சமீபத்தில் நடந்தது. இந்த ஆட்டத்தின் அதிகாரபூர்வச் செயலியின் பெயர் டி அண்ட் டி பியாண்ட். 2017-ல் வந்தது. 2024 செப்டம்பரில் விதிப்புத்தகத்தின் புதுப் பதிப்பு வெளியானது. அதற்கு முந்தின மாதம், ஆட்டக்காரர்களின் தாள்களில் உள்ள பழைய மந்திரங்களும் மந்திரப் பொருள்களும் புதுப் பதிப்புக்கு மாறிவிடும், பழையதே வேண்டுமென்றால் அதை வீட்டுச் சரக்காக நீங்களே உள்ளிட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துவிட்டார்கள். சில நாளிலேயே நிறுவனம் பின்வாங்கி, பழையதும் இருக்கும் என்றது. எனக்கு இதில் ஒரு வேடிக்கை. பத்து வருஷம் அச்சில் இருந்த விதி ஒரே அறிவிப்பில் வீட்டுச் சரக்காகப் பார்த்தது. அப்படியிருக்க, இது அசல், அது போலி என்று மார்தட்டுவதில் என்ன இருக்கிறது?

எதிர்ப் பேச்சும் எனக்குத் தெரியும். ஒரு பையன் ஒரே வெட்டில் மலையைப் பிளக்கும் கத்தி செய்துகொண்டு வருவான், ஆட்டம் கெட்டுப்போகும் என்பார்கள். வருவான்தான். அவனை மடக்க வேண்டியது கதை நடத்துகிறவர். மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருப்பது அதற்குத்தானே? செயலி, "இது வீட்டில் செய்தது" என்று ஒரு அடையாளம் போட்டுக் காட்டினால் போதும். இரண்டாவது வாதம் நியாயமானது. தொழில் என்பது நூறு கணக்கோடு பிணைந்தது, யார் எதைக் கொண்டுவருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாமல் நிரல் எழுதுவது கஷ்டம். ஒப்புக்கொள்கிறேன். 240 கொக்கிப் பெட்டியில் 480 கொக்கி டிசைனை ஏற்ற முடியாது. அதை நாங்களும் வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறோம். ஆனால் பெட்டி சின்னது என்று சொல்வது வேறு, உன் பாட்டி சேலை பட்டியலில் இல்லை என்று சொல்வது வேறு. எல்லாவற்றையும் கணக்கிட முடியாவிட்டாலும், ஆட்டக்காரர் பெயர் வைத்து, எண் கொடுத்து, "இதை இதோடு கூட்டு" என்று சொல்லும் அளவுக்காவது திறந்து வைக்கலாம். உள்ளிட்டதை வெளியே எடுத்துக்கொள்ளவும் வழி வேண்டும். பேரனின் நான்கு பக்கம் நோட்டில் இருந்ததால் பிழைத்தது. செயலிக்குள் மட்டும் இருந்து, சந்தாவோ கம்பெனியோ நின்றுபோனால் அதுவும் போயிருக்கும்.

நம் விஷயத்துக்கே வருகிறேன். போனில் தாயம் ஆடும் செயலி ஒன்றை மகள் இறக்கிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். என் மனைவி உத்திரமேரூர். அவர்கள் வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறக்கலாம். ஆனால் ஒரு காயாவது வெட்டாமல் பழத்துக்குள் போகக்கூடாது. கல்யாணமான புதிதில் இதை வைத்து எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தையை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். முடிவில் ஐந்தை நான் ஏற்றுக்கொண்டேன், வெட்டை அவள் விட்டுக்கொடுத்தாள். நாற்பது வருஷமாக அதுதான் எங்கள் வீட்டு விதி. செயலியில் ஐந்து விழுந்தது, காய் இறங்கவில்லை. மாற்ற வழி இருக்கிறதா என்று தேடினோம். பகடையின் நிறத்தை மாற்றலாம், பின்னணிப் பாட்டை மாற்றலாம். விதியை மாற்ற இடமில்லை. "இதுக்கு நம்ம பித்தளைக் கட்டையே போதுங்க" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அவள் ஊரைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. பராந்தக சோழனின் 12-ம் ஆட்சியாண்டில், கி.பி. 919-ல், வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியை வெட்டினார்கள். இரண்டே வருஷம் கழித்து, 921-ல், அதைத் திருத்தி இன்னொன்று வெட்டினார்கள். கல்லிலேயே திருத்தம் செய்ய இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்ணாடித் திரையில் முடியாதாமா?

நம்மூர்ப் பையன்கள் சிலர் தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டத்தை எல்லாம் போனில் கொண்டுவரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தம்பிகளே, படம் வரைவதற்கு முன் விதிகளுக்கான அமைப்புப் பக்கத்தை எழுதுங்கள். காய் எந்த எண்ணுக்கு இறங்கும், வெட்டு கட்டாயமா இல்லையா, மலையில் எத்தனை காய் நிற்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆடுகிறவரைக் கேளுங்கள். கீழே "எங்கள் வீட்டு விதி" என்று ஒரு காலிக் கட்டமும் விடுங்கள். பிள்ளையார்பாளையம் விதியையும் உத்திரமேரூர் விதியையும் நான் எழுதித் தருகிறேன். உங்கள் தெருவில் வேறு மாதிரி ஆடியிருந்தால், வாசகர்களே, நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பையன்கள் கேட்டு வரும்போது கொடுக்கலாம்.